கூடத்துக்கு வந்த மெஷின்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ரேணுகா துளையிட்ட இரும்புத் தகடுகள் பாலைவனம் வரை போயிருக்கின்றன. துளை கோணல் என்று ராணுவம் இதுவரை புகார் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் மரவேலைக்கு ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கப் போகிறேன் என்றதும் புகார் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

"முக்காலி செய்ய மெஷினா? கை டிரில்லு போதாதா?" என்றார் கணவர் தட்சிணாமூர்த்தி.

கை டிரில்லால் அவள் செய்த முதல் முக்காலியின் கால்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. அதில் உட்கார்ந்து விழுந்தவரும் அவர்தான்.

ஆவடிக்குப் பக்கத்துப் பாடியில் மெஷின் கடை வைத்திருக்கும் பூபாலன், அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

"இன்னாக்கா, அண்ணன் வர்ல?"

"அவருக்கு விழத்தான் தெரியும். நீ மெஷினைக் காட்டு."

மேஜைமேல் வைக்கும் சிறியதைத் தட்டினான். "ஊட்டுக்கு இது போதும்க்கா. லேடீஸுக்குன்னே செஞ்ச மாரி கீது."

"ஏன், இது போடுற ஓட்டை வளையல் மாட்டிக்குமா?"

பையிலிருந்து ஒரு முக்காலிக் காலை எடுத்து மெஷினுக்கு அடியில் நிறுத்தினாள். நுழையவில்லை. காலை நிறுத்தி வைத்து அதன் உச்சியில் நேராகத் துளைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தரையில் நிற்கும் தூண் மெஷினிடம் போனாள். துரப்பணம் மாட்டும் தலையைக் கீழே இறக்கிப் பிடித்து உலுக்கினாள். ஆட்டமே இல்லை.

"இது."

"பெர்சுக்கா!"

"நான் பார்த்ததுல இது குழந்தை."

மாடிப்படிக்கு அடியில்தான் அவளுடைய பட்டறை. வண்டியிலிருந்து இறங்கிய குழந்தையின் தலை படியில் முட்டியது. காலை அளந்தவள் கூரையை அளக்கவில்லை. இத்தனை வருஷமும் அண்ணாந்து பார்த்தாலும் எட்டாத தொழிற்சாலைக் கூரையின் கீழ் நின்றவளுக்கு, கூரை இடிக்கும் என்று தோன்றவேயில்லை.

தட்சிணாமூர்த்தியின் முகத்தில் தீபாவளி. "பார்த்தியா? திருப்பிக் கொடுத்துட்டு சின்னதா வாங்கு."

ரேணுகா படியைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க சோபா படிக்கட்டுக்கு அடியில நுழையும்ல?"

நுழைந்தது. டிவியும் கூடவே போனது.

ஒரு வாரத்தில் புது முக்காலி கூடத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. தட்சிணாமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி பாதியாக உட்கார்ந்தார். விழவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

"மெஷின் சத்தத்துல நியூஸே கேக்க முடியல, ரேணு."

"அதுக்குத்தான் பெரிசா வாங்கினேன்" என்று அடுத்த முக்காலிக் காலை மெஷினுக்கு அடியில் நிறுத்தினாள்.