நம்பர் அத்தை

கவுண்டரில் நிற்கும் அத்தை முதலில் தொலைபேசி ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கிறார். ‘கொர்ர்’ என்று சத்தம் வந்தால்தான் அடுத்த வேலை. ரிசீவரை வைத்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றுகிறார்.

“கையை நீட்டு கண்ணா. கூசும். ஆட்டினேன்னா ஆறு எட்டாயிடும், அப்புறம் எவனோ போனை எடுப்பான்.”

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சைக் கதவு போட்ட அந்த லாட்ஜில் முப்பத்தெட்டு வருடமாக இதுதான் நடைமுறை. சாவி வாங்கும் குடும்பத்தில் குழந்தை இருந்தால், அதன் முழங்கைக்குக் கீழே லாட்ஜ் நம்பர் ஏறிவிடும். சலவைக்குப் போகும் பெட்ஷீட்டில் அறை எண் போடுகிற பேனா அது. சோப்புக்கு அசையாத மை. சின்ன வயதில் நாங்கள் அங்கே தங்கிவிட்டு ஊர் திரும்பி, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என் கையில் அந்த நம்பர் இருந்தது. அந்த வருடம் முழுக்க வகுப்பில் என் பெயர் பெட்ஷீட்.

நம்பர் அத்தை என்பது குழந்தைகள் வைத்த பெயர். ஆரம்பத்தில் அவரும் துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தாராம். ஒரு சிறுமியின் பாவாடைப் பையில் அது அலையில் நனைந்து கூழாகிவிட்டது. பச்சைக் கதவு என்று மட்டும் சொல்லத் தெரிந்த அவள், மாலைவரை கடற்கரைப் போலீஸ் பூத்தில் உட்கார்ந்திருந்தாள். “இந்தத் தெருவுல மட்டும் பச்சைக் கதவு பதினொண்ணு,” என்பார் அத்தை, கதவுகள்மேல் இன்னும் கோபம் தீராமல். மறுநாளே பெட்ஷீட் பேனா கவுண்டருக்கு வந்துவிட்டது.

பெரியவர்களுக்கு மை கிடையாது, வாய்தான். “மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டுப் போங்க. குளிர்ந்த தண்ணியில விரல் சுருங்கும், கழண்டது தெரியாது.” “எதுக்கு வேணும்னாலும் முதுகைக் காட்டுங்க, கடலுக்குக் காட்டாதீங்க.” எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொல்வது ஒன்று: “ஊருக்குப் புதுசான்னு எவன் கேட்டாலும் போன வருஷமும் வந்தோம்னு சொல்லுங்க. பொய்தான், பரவாயில்லை.”

என் அப்பா அந்தப் பொய்யைப் படகுக்காரரிடம் சொன்னபோது காது நுனிவரை சிவந்துபோனார். அடுத்த வருடமும் அதே லாட்ஜுக்கு எங்களை அழைத்துப்போனார். போன வருடமும் வந்தோம் என்று இந்த முறை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னார்.

அப்போது கவுண்டர் என் மூக்கு உயரம். இப்போது இடுப்புக்கு வருகிறது. மரக்கட்டை கோத்த சாவிகள் போய் அட்டை வந்துவிட்டது. ஈரத் துண்டும் மணலும் கலந்த வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. அத்தைக்குக் கண்ணாடி தடித்திருக்கிறது. ஏழாம் எண்ணுக்குக் குறுக்குக்கோடு போட்டு எழுதும் பழக்கம் போகவில்லை.

இந்தத் தடவை நான் போனபோது தொலைபேசிக்கு ஆபத்து வந்திருந்தது. சின்ன முதலாளி வந்து நின்றார். அவர் சிறுவனாய் இருந்தபோது அவர் கையிலும் அத்தை எழுதியிருக்கிறார்.

“மாசக் கடைசியில லைனை எடுத்துடச் சொல்லிட்டேன் அத்தை. இந்தக் காலத்துல யாரு இதுல கூப்பிடறா? உங்க செல் நம்பரை எழுதுங்களேன்.”

“என் செல்லு என்கூடவே சுத்தும் தம்பி. பாதி நேரம் அதுக்குச் சார்ஜ் இருக்காது. தொலைஞ்ச புள்ளை கூப்பிடற போன் உக்காந்த இடத்துல இருக்கணும்.”

“குழந்தைங்க தொலையறதே இல்ல இப்போ.”

மறுநாள் காலை வந்த ஒரு தகப்பனும் அதையேதான் சொன்னார். “போன் இருக்கே மேடம், எதுக்கு இந்த மை எல்லாம்?”

“உங்க வீட்டுக்காரம்மா நம்பரைப் பாக்காம சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். முதல் மூன்று எண்கள் வந்தன. நான்காவதற்குக் கூரையைப் பார்த்தார். “கல்யாணமாகி பத்து வருஷம்,” என்றார் மனைவி என்னிடம். பையன் தானாகவே கையை நீட்டிவிட்டான்.

மதியம் அந்த மனைவி தனியாகத் திரும்பி வந்தார், முகமெல்லாம் வேர்த்து. கூட்டத்தில் பிரிந்துவிட்டார்களாம், கணவர் போன் அணைந்து கிடந்தது. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர், கையிலிருந்த செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேஜைப் போன் மணியடித்தது. பக்கத்தில் நின்ற சின்ன முதலாளிதான் எடுத்தார்.

“பச்சைக் கதவு லாட்ஜா? சார், என் போனை அலை கொண்டுபோயிடுச்சு. ஒரு கடைக்காரர் போன்ல பேசறேன். பையன் கையைப் பாத்துதான் நம்பர் போட்டேன். என் வீட்டுக்காரி அங்க வந்தாளா?”

மனைவி ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “நீங்க அப்புறம் பேசுங்க. முதல்ல அவன்கிட்ட குடுங்க.”

அத்தை பெட்ஷீட்களை மடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை வரவில்லை. அது சின்ன முதலாளிக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்; இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டுப் போனார்.

மாதக் கடைசி நாள் நான் கிளம்பும்போது, சின்ன முதலாளி தன் நாலு வயது மகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குழந்தையைத் தூக்கிக் கவுண்டர்மேல் உட்கார வைத்து, அதன் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டார்.

அத்தை வழக்கம்போல ரிசீவரை எடுத்தார். தன் காதில் வைக்கவில்லை. கையை நீட்டிச் சின்ன முதலாளியின் காதில் வைத்தார். ‘கொர்ர்’ சத்தத்தை அவர் கேட்டார். தலையை ஆட்டினார்.

அத்தை பேனா மூடியைக் கழற்றினார்.