ராகு காலத்துக்கு முன் எழ வேண்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கடை வேலை என்றால் பாதி நாள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளரிடம் "இதோ வந்திரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான். அந்த "இதோ"வைச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோன என் சக தொழிலாளர்களே, இது உங்களுக்காக.

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் மணியண்ணே கம்ப்யூட்டர் கடையில் நான் ரிப்பேர் ஆள். லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தின் மேல் எனக்கு அப்போது புது மாப்பிள்ளை மயக்கம். யார் அகப்பட்டாலும் அதைத் தலையில் கட்டாமல் விடமாட்டேன். அகப்பட்டவர் புவனா அக்கா. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழக மாணவர்களை நம்பி கெலுகோரில் இன்டர்நெட் கடை திறக்கப் போகிறார். கடை இருக்கும் இடம் அவர் கணவரின் அண்ணன் ராஜா அங்கிளுடையது. அங்கிள் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெரியவர். பஞ்சாங்கத்தைத் தினசரிப் பேப்பர் மாதிரி படிப்பவர்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் சகுனம் சரியில்லை என்று அர்த்தம், இடத்தை நூடுல்ஸ் வறுத்து விற்கும் மீ கோரேங்காரனுக்கு விட்டுவிடுவார். விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது, கடையும் கிடையாது என்பது அக்காவின் நிலைமை. நல்ல நேரம் பிறப்பதே பத்து மணிக்கு மேல்தான். நடுவில் தேவாரம் வேறு பாட வேண்டும்.

கோப்பி-ஓ கணக்கு

மணியண்ணேவுக்குக் கடிகாரத்தில் நம்பிக்கை கிடையாது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கோப்பி-ஓ, பால் இல்லாத கடுங்காப்பி, வரவழைப்பார், சுவிட்சைப் போடச் சொல்வார். குடித்து முடிப்பதற்குள் மெஷின் எழுந்தால் பாஸ், இல்லாவிட்டால் பெயில்.

அக்காவுடையது கைமாறி வந்த கிழட்டு மெஷின். சுவிட்சைப் போட்டதும் திரையின் இடது மூலையில் லினக்ஸின் சின்னமான பெங்குவின் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே வரிகள் ஓடின. ஒவ்வொரு வரி ஓரத்திலும் பச்சை எழுத்தில் ஓகே. நானும் ஒவ்வொரு ஓகேவுக்கும் தலையாட்டினேன். பிறகு ஒரு வரி வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அண்ணே கோப்பியைக் குடித்து, அடியில் கிடந்த சீனியையும் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கோப்பி முடிஞ்சிருச்சு, ஒன் பெங்குவின் இன்னும் குளிச்சுக்கிட்டு இருக்கா?"

தன் பெயரைத் தேடிய மெஷின்

துப்புத் துலக்கினேன். மெயில் அனுப்புகிற புரோகிராம் ஒன்று சிஸ்டத்தோடு சேர்ந்தே எழுந்திருக்கும். எழுந்ததும் "என் முழுப் பெயர் என்ன?" என்று வெளியே நெட்வொர்க்கில் கேட்கும். எங்களுக்கோ இன்னும் போன் லைனே வரவில்லை. பதில் சொல்ல ஆளில்லை. அது பாட்டுக்குப் பதிலுக்குக் காத்திருக்கிறது, மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன!

பெயரை மெஷினுக்குள்ளேயே ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். அவ்வளவுதான், மீதி வரிகள் மடமடவென்று ஓடின. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். என்ன கோளாறு என்று கேட்ட புவனா அக்காவிடம் விளக்கமாகச் சொன்னேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"இதுல என்ன அதிசயம் தம்பி, என் பழைய மேனேஜரும் இப்படித்தான்லா, போன் வர்ற வரைக்கும் ஒரு வேலையும் தொட மாட்டாரு."

வெட்டிய வெட்டு

ருசி கண்டுவிட்டேன். அந்த சிஸ்டத்தில் அழையா விருந்தாளிகள் ஏராளம். இல்லாத பிரிண்டருக்காக ஒருவர் எழுந்து தயாராக நிற்பார். இல்லாத பக்கத்து மெஷின்களை ஒருவர் தேடுவார். யாருக்காகவோ ஒருவர் வெப்சைட் நடத்துவார். ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளினேன். தள்ளத் தள்ள எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் எதற்கு, அவர் எதற்கு என்று கண்ணில் பட்டவரையெல்லாம் தள்ளிவிட்டேன்.

அண்ணே கோப்பியை வாயருகே வைத்து ஊதி முடிப்பதற்குள் மெஷின் எழுந்து நின்றது. நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். அண்ணே மௌஸை நகர்த்தினார், அம்பு நகரவில்லை. கடையின் போன் லைனில் மாட்டி இன்டர்நெட்டைக் கூப்பிட்டார், மோடம் என்று ஒன்று இருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லை. கோப்பியைக் கீழே வைத்தார்.

"ரொம்ப வேகமாத்தான் வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னுதான் தெரியல."

முதலில் யார் வர வேண்டும்

தள்ளியவர்களில் வேண்டியவர்களைத் திரும்ப அழைத்தும், முக்கால் கோப்பியில் மெஷின் எழுந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்வை திரை மூலையில் இருந்த பெங்குவின் மேலேயே நின்றது. "நல்ல காரியத்துல இதா தம்பி முதல்ல வரணும்?" என்றார். கேட்ட குரலில் ஒரு பயம் இருந்தது. கடை கைவிட்டுப் போகுமோ என்று வாரக்கணக்காகத் தூங்காதவர் குரல் அது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இலவச சிஸ்டத்தின் பெருமையே அதுதான், உள்ளே புகுந்து எதையும் மாற்றலாம். பெங்குவினை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பிள்ளையாரை வரைந்தேன். முதல் பிள்ளையாருக்குத் தும்பிக்கை தண்ணீர்க் குழாய் மாதிரி வந்துவிட்டது. இரண்டாமவர் பரவாயில்லை. மாற்றியதையெல்லாம் சேர்த்து சிஸ்டத்தின் கருவை மறுபடி உருவாக்க, அந்தக் கிழட்டு மெஷின் ஒரு மத்தியானம் முழுக்க முனகியது. மணியண்ணே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேகத்தைக் கூட்டச் சொன்னா, நீ கோயில் கட்டிக்கிட்டு இருக்கே."

மெயின் சுவிட்ச்

வெள்ளிக்கிழமை. கெலுகோர் கடையில் தோரணம், குத்துவிளக்கு, மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. புதுக் காருக்கு வைக்கிற மாதிரி மெஷினுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம். தேவாரம் நீண்டுகொண்டே போனது. முடிந்தபோது பத்தரைக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. எனக்குக் கவலையே இல்லை. முக்கால் கோப்பி போதுமே! அக்கா சுவிட்சைப் போட்டார்.

முந்தின நாள் கேட்காத ஒரு கரகரப்பு கேட்டது. ஒழுங்காக அணைக்காமல் மின்சாரம் போயிருக்கிறது, வட்டு முழுவதையும் சோதித்த பிறகுதான் மேலே போவேன் என்றது திரை. சோதனைக் கோடு ஆமையாக ஊர்ந்தது. முந்தின நாள் மாலை நான் பத்திரமாக மூடிவிட்டு வந்த மெஷின் அது. "நேத்து நான் போனப்புறம் யாராச்சும் மெஷினைத் தொட்டாங்களா?" என்று கேட்டேன். ராஜா அங்கிள் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பின்னேரம் கண்ணாடியும் இல்லாமல் மெஷினைப் போட்டு அதுக்கும் சாம்பிராணி காட்டிப்போட்டு மெயினை நான்தான் நிப்பாட்டினனான், பின்ன தீ பிடிச்சா ஆர் பதில் சொல்லுறது?"

பத்தரைக்குச் சற்று முன்

நான் வெட்டியதெல்லாம் வீண். இந்தச் சோதனை எல்லாருக்கும் முன்னால் நிற்பது; இதைத் தாண்டாமல் யாரும் வர முடியாது. அக்கா கற்பூரத் தட்டும் கையுமாக அங்கிளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மணியண்ணே வாசலில் கோப்பி இல்லாமல் நின்றார். "இதோ வந்திரும், இதோ வந்திரும்" என்றேன். அங்கிள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார். "தேங்காயை உடையுங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். தேங்காய் உடைந்தது, அக்கா அழுதார், சிரித்தார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். நான் நியாயஸ்தன் மாதிரி "அங்கிள், மெஷின் இன்னும் முழுசா வரல..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை ஓங்கி மிதித்தார். அங்கிள் என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"பிள்ளையார் வந்திட்டார் தம்பி, மிச்சம் எல்லாம் மெல்ல ஆறுதலா வரட்டும்."

மிச்சமெல்லாம் ராகு காலத்தில்தான் வந்தது, அந்தக் கடையும் அமோகமாக நடந்தது; ஆகவே தோழர்களே, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக எழுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், நம் ஜனங்கள் பார்ப்பதெல்லாம் அது யார் முகத்தோடு எழுகிறது என்பதைத்தான்.