ஐந்தாம் வருடம் கோப்பையை வேண்டினவை

நேற்று பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஓர் ஐஸ் ரிங்கில், ஒரு மனிதருடைய சாம்பியன்ஷிப்பையே பறித்துவிட்டேன்!

(மட்டையைத் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத்தான் தொட்டேன்.)

ஈஸ்ட் டாமாக்கியில் பெயர்ப் பலகை செய்யும் கடையில் எனக்கு வேலை. ஊர் கோயம்புத்தூர். ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவது, அவ்வளவுதான் என் அறிவு.

இங்கே ஓர் ஐஸ் ஹாக்கி டீம், எந்த வருடம் ஜெயித்தார்கள், எந்த வருடம் தோற்றார்கள் என்று சுவரில் மாட்ட ஒரு போர்டு கேட்டது. பழையது பெயின்ட் வேலையில் காணாமல் போய்விட்டதாம்.

ஜெயித்த வருடத்துக்குக் கீழே மட்டும் அந்த வருடத்து ஆட்கள் எல்லார் பெயரும் வர வேண்டும். பெயர்களை மேனேஜர் ஈமெயிலில் அனுப்பிவிட்டார். எந்த வருடம் என்ன ஆயிற்று என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. (வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்!)

ரூபனைக் கேள் என்றார்.

ரூபன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். ஐஸ் தளத்தை வழுவழுப்பாக்கும் வண்டியை அங்கே ஓட்டுகிறார். போன் செய்தேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் மனிதர் கடகடவென்று ஆரம்பித்துவிட்டார்.

"முதலாம் வருசம் ஃபைனலில தோத்தவை. ரெண்டாம் வருசம் வெண்டவை. மூண்டாம் வருசம் கொரோனா, மாட்ச் இல்லை. நாலாம் வருசம் கடைசி, அதைக் கதைக்காதையுங்கோ."

"சரிங்ணா. அஞ்சாவது?"

"ஐஞ்சாம் வருசம் ஃபைனலுக்குப் போய்க் கோப்பையை வேண்டினவை. ரெண்டு பெடியளுக்குப் பல்லும் போனது. அந்த வருசம் நான்தான் எல்லாற்றை ஸ்கேட்டும் தீட்டினனான். அதுக்குப் பிறகு ஃபைனல் பக்கமே போகேல்லை."

'வெண்டவை' என்றால் வென்றார்கள், அது புரிந்தது. ஐந்தாம் வருடம் கோப்பை கிடைக்கணும் என்று வேண்டியிருக்கிறார்கள், பல்தான் போயிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வருடத்துக்கு 'ரன்னர்ஸ் அப்' என்று போட்டேன். பெயர்கள் எதுவும் போடவில்லை.

மேனேஜருக்கு டிசைனை அனுப்பினேன். 'ஸ்வீட் ஆஸ்', அதாவது இந்த நாட்டுப் பேச்சில் 'ரொம்ப நல்லது', என்று ஒரே வரியில் பதில். (திறந்தே பார்த்திருக்க மாட்டார்!)

நேற்று மேட்சுக்கு முன்னால் போர்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ரூபன் அண்ணா கோட்டெல்லாம் போட்டு, மகளோடு வந்து நின்றார்.

"இப்ப பார் பிள்ளை, என்ர பேரை."

யுனிவர்சிட்டியில் படிக்கிற மகள் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"ரன்னர்ஸ் அப், அப்பா. யூ ஆல்வேஸ் செட் யூ வன்!"

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. இத்தனை வருடமாக மகளிடம் சொல்லிவந்தது எல்லாம் ஒரு நொடியில் பொய்யாகிவிட்டதே!

"தங்கச்சி, வேண்டினவை எண்டு சொன்னனான் தானே?"

"ஆமாங்ணா, சொன்னீங்க. வேண்டியும் கிடைக்கலன்னு நெனச்சேன்!"

"வேண்டினது எப்பிடிக் கிடைக்காமல் போகும்?"

"வேண்டறதுன்னா சாமி கும்புடறதுங்ணா!"

"சாமியோ? நீங்கள் டெய்ரியில பால் வேண்டுறேல்லையோ?"

"பாலை வாங்குவோமுங்ணா!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஊரில் வேண்டுவது என்றால் வாங்குவதாம். கோப்பையை வாங்கியிருக்கிறார்கள்! நான்தான் அவர்களைத் தோற்கடித்திருக்கிறேன்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். புதுத் தகடு ஒன்று வெட்டி, ஈமெயிலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக மூன்று தடவை சரிபார்த்து, இடைவேளைக்குள் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் வருடம், சாம்பியன்ஸ். கடைசி வரியில் ரூபன்.

மகள் அப்பாவைப் போர்டு பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தாள். ஒன்று, இரண்டு இல்லை, ஏழெட்டு. மனிதர் ஒவ்வொன்றுக்கும் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்ணா. உங்க கோப்பையை நான் வேண்டுதல் ஆக்கிட்டேன்."

அவர் சிரித்தார்.

"நீங்கள் போட்டது முழுப் பிழையெண்டும் இல்லைத் தங்கச்சி. கடைசி ரெண்டு நிமிசம் ஒரு கோல் பின்னுக்கு நிண்டனாங்கள். முதல்ல உங்கட ஊர் மாதிரி வேண்டி, பிறகுதான் எங்கட ஊர் மாதிரி வேண்டினனாங்கள்!"