அந்தப் பக்கத்தை அழிக்க மாட்டேன்

டைப் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது எதிர்வீட்டுக்காரி. கதவு திறந்திருந்தாலும் தடதட சத்தம், மூடியிருந்தாலும் அதே சத்தம். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, இருமல் முதற்கொண்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. சாட்சி "ம்" என்றால் "ம்" என்று அடிக்க வேண்டும், "ஆமாம்" என்று அடித்துவிட்டால் குற்றம். ஆபீஸ் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன நாளிலிருந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் ஒரு மேசையைச் செருகிக்கொண்டு அங்கேதான் அவள் குடித்தனம்.

அவளுடைய கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கம். பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் பக்கம் ஆபீஸுக்கு, லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் இருக்கும் பக்கம் அவளுக்கு. வீடியோ பார்த்து அவளே போட்டது. முதல் தடவை இருந்ததையெல்லாம் அழித்துத் தொலைத்து, ஒரு பகல் முழுக்க அழுதுவிட்டு, மறுநாள் பிடிவாதமாகத் திரும்பப் போட்டாள். அங்கே உட்கார்ந்து முகம் தெரியாத ஆட்களோடு செஸ் ஆடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டம். "இனி அதெல்லாம் எதுக்கு" என்று மாமியார் சொன்ன ஒரே சொல்லில் நின்றுபோனது. நின்றதை நாற்பது வயதுக்கு மேல் எடுத்து வைத்துக்கொண்டவளிடம் யாராவது பிடுங்க வந்தால் சும்மா இருப்பாளா?

பிடுங்கத்தான் வந்தார்கள். கொஞ்ச காலமாக இணையம் ஆமை வேகம். ஒலிப்பதிவு இறங்க ஒரு யுகம், அடித்ததை ஏற்ற இன்னொரு யுகம். மேற்பார்வை மேடம் போன் செய்யும்போதெல்லாம், "மன்னிச்சிடுங்க மேடம், எங்க வீட்டு லைன் சரியில்ல" என்று குழைந்தாள். அந்த மேடம் அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

வயரை மாற்றினாள். இணையப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தாள், பீரோ மேல் வைத்தாள், மறுபடி ஜன்னலுக்கே கொண்டுவந்தாள். லைன்காரர் வந்து தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு அவள் கம்ப்யூட்டரைப் போட, எந்தப் பக்கம் என்று அது கேட்டதைப் பார்த்தார்.

"லைன் தங்கமா இருக்கும்மா. உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு. ஒரே உறையில ரெண்டு கத்திய வெச்சா எப்படி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மேடம் விசாரித்தபோது, மறைக்கத் தெரியாத அக்கா இரண்டு பக்கம் இருப்பதையும் செஸ் ஆடுவதையும் சொல்லித் தொலைத்தாள். கேட்க வேண்டுமா? வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது.

"அக்கா, அந்த இன்னொரு சிஸ்டத்த எடுத்துடுங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா உங்க ஃபைலெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும்."

அன்று சாயங்காலம் கணவரும் அதே பாட்டைப் பாடினார். மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான், சண்டை என்றால் மட்டும் ஆகாது. "ஒரு விளையாட்டுக்காக வேலைய விடுவியா? அழிச்சிட்டுப் போயேன்."

"அழிக்க மாட்டேன். குத்தம் யாருதுன்னு முதல்ல தெரியட்டுங்க. தண்டனை அப்புறம்."

இத்தனை வருடம் வழக்குகளைக் காதில் வாங்கியவள் அல்லவா? மறுநாள் காலையில் அரிசியை ஊறப்போட்டுவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள். அதே மேசை, அதே வயர், அதே ஃபைல். விண்டோஸில் இறக்கினாள், நொண்டியது. மூடிவிட்டு லினக்ஸில் இறக்கினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. திரும்ப மாற்றிப் பார்த்தாள், அதேதான். எல்லாரும் திருடன் என்று கை காட்டிய பக்கம் சொக்கத் தங்கம். செஸ்ஸில் காய் நகர்த்தும்போது ஒருநாளும் திரை திக்கியதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் கோளாறு ஆபீஸ் பக்கத்தில். அப்டேட்டை நிறுத்திப் பார்த்தாள், பயனில்லை. இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் டிரைவர் மென்பொருளைப் புதிதாகப் போட்டாள், அதுவும் வீண். கடைசியில் எந்த மென்பொருள் இணையத்தை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். உச்சியில் 'ஆபீஸ் ஹெல்ப்பர்' என்று ஒன்று. இந்த வீட்டிலிருந்து எதையோ அள்ளி அள்ளி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள், வேகம் வந்தது. அதுவே மறுபடி எழுந்தது, வேகம் படுத்தது.

சில மாதங்களுக்கு முன் "ஒரு சின்ன அப்டேட்" என்று சொல்லி ஆபீஸ்காரர்கள் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவள் துணி காயப்போடப் போயிருந்தாள். ஹெல்ப்பரின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே படங்கள். எல்லாம் அவள் திரை. அடித்த வாக்குமூலங்கள், வேலைக்கு நடுவில் தங்கைக்கு எழுதிய கடிதம், திறந்து பார்த்த அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம் அடங்குவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது, அது நல்லதாகப் போயிற்று.

மேடத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது, வேலை பாக்கறீங்களான்னு பாக்க எல்லாருக்கும் போட்டதுதான்க்கா. படத்தை ரொம்பப் பெருசா அனுப்புற மாதிரி யாரோ வெச்சுட்டாங்க போல. உண்மையச் சொல்லணும்னா, அந்தப் படத்த யாரும் பாக்கறதே இல்ல."

"யாரும் பாக்காத படத்துக்கா என் வேலைய எடுக்கப் பாத்தீங்க?"

"உங்களுக்கு மட்டும் சரி பண்ணித் தரேன்க்கா. குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா ஒருவேளை அத்தோடு விட்டிருப்பாள். போனை வைத்த கையோடு டைப்பிஸ்டுகளின் குரூப்பில் நடந்ததையெல்லாம் போட்டாள். ஹெல்ப்பரை எப்படி நிறுத்துவது என்றும், அது எழுந்தால் மறுபடி எப்படி உட்காரவைப்பது என்றும் சேர்த்துப் போட்டாள்.

பதில்கள் மளமளவென்று விழுந்தன. 'எனக்கும் அதேதான். வீட்டு லைன் மோசம்னு நினைச்சிட்டிருந்தேன்.' 'நான் மூணு நெட் கம்பெனி மாத்தினேன்.' 'நான் வேலை பாக்கறப்போ என் பொண்ணு நெட் போடக்கூடாதுன்னு திட்டி வெச்சிருந்தேன். பரீட்சை நேரம், பாவம்.' எல்லா வீட்டிலும் எல்லாரும் தத்தம் வீட்டையே குற்றம் சொல்லிக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒருத்தி எழுதினாள்: 'அப்ப போன மாசம் லைன் ஸ்லோன்னு வேலைய விட்டு அனுப்பினாங்களே, கைக்குழந்தைக்காரி, அவளுக்கும் இதுதானா?'

அக்காவுக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் போகும்போதும் குரூப்பில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

மேடம் உள்ளே வந்து எழுதினாள்: 'இந்த மெசேஜை உடனே அழிக்கவும். இல்லையென்றால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

அக்கா அடித்தாள். வழக்கமான தடதடப்புதான், கொஞ்சம் கூடுதல் பலத்தோடு. 'எடுங்க மேடம். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்பிடுங்க. அவ வர்ற வரைக்கும் ஹெல்ப்பரை நிறுத்தி வெச்சுத்தான் நான் வேலை செய்வேன்.'

'நானும் நிறுத்திட்டேன்' என்று ஒருத்தி எழுதினாள். பெண்ணைத் திட்டி வைத்திருந்தவள் அடுத்து எழுதினாள். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தார்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்" என்றாள். "ஆனா இனிமே என் மேல பழியப் போட்டுட்டுப் போக முடியாது."