இரண்டு தலைவர்களில் ஒருவர்

ரதி அன்ரியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் தொகுப்பவர்களே, அச்சாகும்வரை இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அப்பாவுக்கு. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நாங்கள் இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கே மண்டபத்தில் நடன ஒத்திகையில் இருந்தோம். தொலைபேசியை எடுத்த அப்பா கதிரையில் இருந்துவிட்டார். “ரதி போயிட்டா” என்றார். அழுதார். மறுநாள், தான் தலைவராக இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்காரரிடம், “இனி ஒரு தலைவர் காணும், ரெண்டு வேண்டாம்” என்றார்.

எங்கள் சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் வந்ததற்கு என் லத்தீன் பாடமும் ஒரு காரணம். மண்டபத்தில் வீட்டுப்பாடம் செய்தபோது அன்ரி என்னவென்று கேட்டார். ரோமில் கொன்சுல் என்று இருவர் சமமாக ஆண்டார்கள், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்றேன்.

“ஏன், ஆளில நம்பிக்கை இல்லையோ?”

“ஆளில இருந்தது. பதவியிலதான் இல்லை.”

அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப ரோமிலயும் எங்கட சங்கம் இருந்திருக்கு!” அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பாவுக்குச் சமமாக இரண்டாவது தலைவியானார்.

சரஸ்வதி பூசைக்கு மேடைப் பதாகை அடிக்கக் கொடுக்கும் முன் அப்பா அதன் மாதிரியைக் காட்டினார். மேலே அப்பாவின் படம் பெரிதாக இருந்தது.

“அண்ணை, சரஸ்வதி எங்க?” என்று அன்ரி கேட்டார்.

“கீழ, இடப்பக்கம்.”

“உங்களுக்குக் கீழயோ? அப்ப வேண்டாம்.”

மண்டபமே சிரித்தது. அன்று அப்பா வீட்டில் சாப்பிடவில்லை. ஆனால் பதாகையில் சரஸ்வதி மட்டுமே வந்தாள்.

அப்பா கோபித்ததற்காக நான் அன்ரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அன்ரி என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “கொப்பர் கெட்டவர் இல்லை, பிள்ளை. அவருக்குக் கைதட்டுற ஆக்கள் கூடிப்போச்சினம். அவ்வளவுதான்.” ரோமானியரைப் பற்றி நான் படித்த பக்கங்கள் எல்லாம் அன்றுதான் எனக்கு விளங்கின.

அந்தியேட்டி முடிந்து வரும் ஞாயிறு பொதுக்கூட்டம். இரண்டாவது தலைவர் பதவியை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்கப்போகிறார். அவர் முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பதினாறு வயதாகிவிட்டதால் எனக்கும் வாக்கு இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் ஒருவரில் அன்பு வைத்துக்கொண்டே அவரைத் தடுக்கலாம் என்பதை அன்ரியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை இனி விடமாட்டேன். அப்பா கேட்டதும் நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி

கதவு தட்டும் சத்தம். “பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ?” அப்பா