பேரத்துக்கு வராத ஒன்று

ஜெர்வே லஷாப்பெல் கனடாவில், மொன்றியாலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் இருந்தான். இணையச் சந்தையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் முகம் பார்க்காமல் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. ஐம்பதை நெருங்கியும் அவனுக்கு அதுதான்.

அவனுடைய அப்பா ஃபெர்னானைப் பகலில் பார்த்துக்கொள்ள நான் போய்வந்தேன். பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. வாய் போகவில்லை.

“நாப்பது வருஷம் பழைய கார் வித்தவன் நான். எதிராளி கண்ணைப் பாக்காம என்னடா பேரம்?” என்பார்.

“அதனாலதாம்ப்பா உங்ககிட்ட கார் வாங்குனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வந்து சண்டை போட்டாங்க.”

“மீதிப் பேர்?”

“அவங்க கார் வர்ற வழியிலேயே நின்னுபோச்சு.”

வேடிக்கைப் பேச்சில் அவன் சளைக்க மாட்டான். தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லத்தான் வராது. எதிரே இருப்பவர் குரல் உயர்ந்தால் கழுத்து சிவந்துவிடும், சரி என்றுவிடுவான். திரையில் கழுத்து தெரியாது. அந்த ஆராய்ச்சிக்கு அவன் போனதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் படும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மனியிலிருந்து அவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அதே ஆராய்ச்சி, நிரந்தர வேலை. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான், நான் ஃபெர்னானின் குதிகாலில் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் தூங்கிவிட்டார் என்ற நம்பிக்கையில்.

“போகணும்னு இருக்கா?” என்றேன்.

“இருக்கு.”

“அப்போ உங்கக்காகிட்ட சொல்லு.”

அக்காவின் பெயர் ஓதில்; விமானத்தில் போக வேண்டிய தூரத்தில், கல்கரியில் இருந்தாள். அப்பா விஷயத்தில் இருவரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் அவள் கத்துவாள், மூன்றாவது நிமிடம் இவன் ஒத்துக்கொள்வான். அதனால் தங்கள் குழு உருவாக்கிய பேர மென்பொருளிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாமா என்று அவளிடம் கேட்டான். அவளும் சம்மதித்தாள்.

அதன் முறை இது. பேச வேண்டிய விஷயங்களை முதலில் எழுதிவிட வேண்டும். எது தனக்கு எவ்வளவு முக்கியம் என்று நூறு மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் பிரித்துப் போட வேண்டும். அடுத்தவர் போட்டது நமக்குத் தெரியாது. அவர்கள் ஒன்று கேட்டால், அது நமக்கு எத்தனை மதிப்பெண் என்று திரை சொல்லும். கோபம் வந்தாலும் எண்ணைப் பார்த்து யோசிக்கலாம்.

கோடைக்குப் போகும் ஏரிக்கரை வீட்டை விற்பதா, ஓதில் எப்போது வந்து தங்குவது, சனி, ஞாயிறுக்கும் உதவியாள் வைப்பதா, மருத்துவரிடம் யார் பேசுவது என்று எல்லாம் போட்டான். இருவரும் சில நாள் மாறி மாறி எழுதினார்கள். புதன்கிழமை ஒப்பந்தம் முடிந்ததென்று திரையில் பச்சையாக வந்தது. இரண்டு பேருக்கும் இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று மென்பொருள் சொன்னது. ஓதில், “சண்டையே இல்லாம முடிஞ்சுதே! உன் பெட்டி நல்ல பெட்டிதான்டா,” என்று எழுதியிருந்தாள்.

ஜெர்வே சமையலறையில் மடிக்கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் பட்டாணி சூப்பைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தேன். ஃபெர்னானுக்குத் தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும்.

“என்னாச்சு?”

“பின்னணியில போட்டுட்டேன்.”

மாணவர்களை வைத்துச் சோதனை செய்யும்போது, ஒவ்வொரு பேரத்துக்கும் மேலே ஒரு சின்னக் கதை எழுதுவார்களாம். இவர் சைக்கிள் கம்பெனிக்காரர், இவர் உதிரி பாகம் விற்பவர் என்று. அதற்குப் பெயர் பின்னணி. பின்னணியில் இருப்பதை யாரும் பேரம் பேச முடியாது, அது நிலையானது. இத்தனை வருடமாக அப்படி எழுதிப் பழகிய கை, இங்கேயும் முதல் வரியை எழுதிவிட்டது: மகன் தந்தையோடு வசிக்கிறான். தான் போவதா இருப்பதா என்பதை அவன் விஷயமாகப் போடவே இல்லை.

“திரும்பத் திறக்க முடியாதா?”

“ரெண்டு பேரும் ஒத்துக்கணும்.”

வியாழக்கிழமை திறக்கச் சொல்லி அவளுக்கு எழுதினான். அவள் போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டான்; இன்னொரு ஆள் அறையில் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம். ஃபெர்னான் அடுத்த அறையில் சக்கர நாற்காலியில்.

“எதுக்குடா திறக்கணும்? எல்லாத்துக்கும் சரின்னுதானே சொன்னேன்?”

“ஒரு விஷயம் விட்டுப்போச்சு.”

“என்ன விஷயம்?”

“அதுல போட்டுக் காட்டுறேனே.”

“இனிமே அதுல எல்லாம் உக்கார முடியாது. எனக்கு வேலை இல்லையா? வாயைத் திறந்து சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

கத்தக்கூட இல்லை அவள். நிஜமாகவே கேட்டாள். சொல் என்று நான் அவனைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் கழுத்து சிவந்தது.

“மாடிப்படி,” என்றான். “படியில அப்பாவை இறக்க ஒரு லிஃப்ட் நாற்காலி வைக்கலாமான்னு.”

“இவ்வளவுதானா! வை. அதுக்குப் போய்…” சிரித்தபடி போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து அறையிலிருந்து ஃபெர்னான் கூப்பிட்டார். “டேய், ஜெர்மனில ஆம்புளைப் பிள்ளைங்க அக்காகிட்ட லிஃப்ட் கேட்டுத்தான் பொழைக்கிறாங்களா?”

அவன் வாசலில் போய் நின்றான். “அன்னிக்குத் தூங்கலையா நீங்க?”

“குதிகாலை அந்தம்மா தடவிப் பாக்குறப்ப எவன் தூங்குவான்?”

“என்னப்பா சொல்றீங்க? போகட்டுமா?”

அது ஒன்றைத்தான் அவன் முகத்துக்கு நேராகக் கேட்டு நான் பார்த்தேன். கிழவர் கண்ணைத் திருப்பவில்லை.

“வேண்டாம்,” என்றார். “என்னை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளிடுவீங்க. வேண்டாம்.”

போயிட்டு வா என்று பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, அதற்காக அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவும் இல்லை. தானாக எழுந்து உட்கார முடியாதவருக்குப் பெருந்தன்மை வர மாட்டேன் என்கிறது. நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஜெர்வே “சரி” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஜெர்மனிக்கு மறுத்து எழுதினான். குடும்பச் சூழ்நிலை என்று ஒரே வரி. அனுப்பிவிட்டு உள்ளே வந்து, “சனி, ஞாயிறுக்கு உதவியாள் வேண்டாம்னு ஒப்பந்தத்துல விட்டுக்கொடுத்துட்டேன். அவரைத் தனியா எப்படித் தூக்குறதுன்னு சொல்லிக்கொடுங்க,” என்றான்.

சொல்லிக்கொடுத்தேன். அவர் இடுப்பில் கட்டிய பட்டையை இரண்டு பக்கமும் பிடி. உன் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடு. முதுகை வளைக்காதே. அவர் மூச்சு விடும்போது எழுப்பு. இரண்டாம் தடவை சரியாகச் செய்தான். ஃபெர்னான் நல்ல கையை அவன் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

“விட்டுடாதடா.”

“விடலப்பா.”

படுக்கையில் உட்கார வைத்த பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் கழுத்திலேயே இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.