லெட்சுமியின் மேலுதடு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு போட்டோ கடையில் சாந்தினி பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், இறந்தவர்களுக்கு மாலை போட்டு வைக்கும் படம் எல்லாம் அவள் கைதான். அதற்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வழியே கணினிச் சிப்புகளில் கீறல் தேடும் வேலை. கீறல் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கண் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நிபோங் திபாலிலிருந்து வடிவம்மாள் என்ற அம்மா வந்தார். தங்கை லெட்சுமி இறந்து பத்து நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரே ஒரு படம் வைத்திருந்தார். ஏதோ கல்யாணத்தில் சிரிக்கும்போது எடுத்தது. தலை ஆடியதில் லேசாகக் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் ப்ளரா இருக்கும்மா. தெளிவாக்க முடியுமா?"

"அதெல்லாம் சுலபம்லா அக்கா. சனிக்கிழமை வாங்க."

முகத்தைத் தெளிவாக்கும் வசதி கணினியில் இருந்தது. சாந்தினி அழுத்தியதும் கண்ணிமை, மூக்குத்தி எல்லாம் துலங்கி வந்தன. மேலுதட்டில் மூக்கு வரை ஏறிய ஒரு கோடும் தெரிந்தது. பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டைத் தைத்த தழும்பு. பாதியைக் கணினியே மழுப்பியிருந்தது. மீதியை அவள் விட்டிருக்கலாம். 'பாவம், போன பிறகாவது அழகா இருக்கட்டும்' என்று துடைத்துவிட்டாள். வடிவம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அதோடு நின்றாளா? பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடையின் பேஸ்புக்கில் போட்டாள். 'இப்பதான்லா பாக்கற மாதிரி இருக்கு' என்று ஒருவர் எழுதியதற்கு, சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

சனிக்கிழமை வடிவம்மாள் சட்டம் போட்ட படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"உங்க தங்கச்சிதான் அக்கா."

"இல்ல. அந்த உதட்டப் பாத்துட்டு மூணு மாப்பிள்ளை வேணாம்னு போனாங்க. போட்டோன்னாலே கையால வாயப் பொத்திக்குவா. அம்பத்தாறு வயசுல, கைய எடுத்துட்டுச் சிரிச்சது இந்த ஒரு படத்துலதான்." படத்தை மேசைமேல் வைத்தார். "பேஸ்புக்குல போட்டத என் மக காட்டுனா. ஆளாளுக்கு எழுதியிருந்ததையும் படிச்சேன். நீ சிரிச்சதையும் பாத்தேன்."

குரல் உயரவே இல்லை. பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, அது கம்ப்யூட்டரே..." என்று தொடங்கினாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டாள்.

"இல்லக்கா. நான்தான் அழிச்சேன்."

அவர் கண்முன்னாலேயே பேஸ்புக் பதிவை நீக்கினாள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூலப்படத்தைத் திறந்தாள். கலங்கலைக் கொஞ்சம் குறைத்தாள், வெளிச்சம் கூட்டினாள், அவ்வளவுதான். வாயைத் தொடவில்லை.

"இங்க கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும் அக்கா."

"இருக்கட்டும். சிரிச்சா அவ ஒரு இடத்துல நிக்கவா செய்வா?"

புதுப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வடிவம்மாள் கிளம்பிவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும் தைரியம் சாந்தினிக்கும் இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கணவன் வாசு கேட்டான். "பேஸ்புக்குல நீ போட்ட அந்த அம்மா படம் எங்க? எடுத்துட்டியா? நான் எங்க ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, என் பொண்டாட்டி செஞ்சதுன்னு பெருமையா சொன்னேனே."

சோற்றைப் பிசைந்தபடியே நடந்ததை எல்லாம் சொன்னாள். வாசு எழுந்து, கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தான்.

"அழிச்சிடறேன்," என்றான். "ஆனா நாப்பது பேரு பாத்துட்டாங்கலா."